மாப்பிள்ளைக்குத் தூள் பழக்கம்

வைகைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் எனக்கு வெளிநாடு. மாயவரத்தில் பிறந்து, மாயவரத்து அரிசியைத் தின்று, மாயவரத்திலேயே தலை நரைக்கத் தொடங்கியவன் நான். அந்த வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறாமல் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். யுத்த காலத்தில் ஓர் ஆவணி மாதம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. உளவு பார்க்கப் போனேன்.

எல்லாம் ஒரு மொட்டைக் கடிதாசியால் வந்தது.

என் அக்கா மகள் எஸ்தருக்குத் திருச்சுழியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தேவசகாயத்தைப் பேசி முடித்திருந்தோம். பெண் பார்த்தது மதுரையில், ஒரு ஜெபக் கூட்டத்துக்கு இரண்டு குடும்பமும் போயிருந்தபோது. அன்றைக்குப் பல்வலி என்று நான் போகவில்லை. அத்தான் காலமான வீட்டில் தாய்மாமன் பார்க்காமலே முடிந்த சம்பந்தம் அது. போய்வந்த எஸ்தர் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் பாடினாள். அந்தப் பெண் பாடி நான் அதுவரை கேட்டதே இல்லை.

கடிதாசி வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இரண்டு ஊர் ஆராதனையிலும் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்பார். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். வாசிப்பதற்கு முன்னால் நிறுத்தினால் வெளியே தெரியாது. வாசித்துவிட்டு நிறுத்தினால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். இப்படி நாள் நெருங்கிய நேரத்தில், புதன்கிழமை காலையில் அந்தக் கடிதாசி வந்து சேர்ந்தது.

"ஐயா, மாப்பிள்ளைக்குத் தூள் பளக்கம் உண்டு; சனிக்கிளமை தோறும் வீரசோழன் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார்; வீட்டில் தெரியாது. பெண்ணிடம் சொல்லிவிடவும்."

நான் அச்சாபீசில் புரூப் திருத்துகிறவன். என் கண் முதலில் பிழையில்தான் போய் உட்காரும். பழக்கத்துக்கும் கிழமைக்கும் 'ள' போட்டவன், வீரசோழன் என்ற ஊர்ப் பெயருக்கு மட்டும் சரியான 'ழ' போட்டிருந்தான். அரைப்புள்ளி இரண்டும் விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தன. எங்கள் மானேஜருக்கே அரைப்புள்ளியை எங்கே போடுவது என்று இன்றுவரை தெரியாது. இதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்த நேரத்தில் எழுத்தைப் பற்றி யார் யோசிக்க முடியும்?

தூள் என்றால் என்ன என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் மூக்கில் போடுவது பொடி, தோசைக்குத் தொட்டுக்கொள்வது பொடி, காப்பிக்கு இறக்குவதும் பொடி. தூள் என்று ஒருவன் ரகசியமாகப் போட்டுக்கொண்டால் அது கஞ்சாத்தூள்தான். வீட்டுக்குத் தெரியாமல், வெளியூர் போய், வாரம் தவறாமல்.

அக்கா உத்தரவு போட்டாள். எஸ்தரிடம் மூச்சு விடக்கூடாது. நான் கடிதாசியை எழுத்து மாறாமல் நகல் எடுத்து அவளிடம் வைத்துவிட்டு, நேரில் போய்ப் பார்த்து, சனிக்கிழமைக்குள் தந்தி அடிக்கவேண்டும். தந்தி வராவிட்டால் ஓலையை நிறுத்திவிடுவாள். என்னை யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் உளவுக்கு நானே பொருத்தமான ஆள் என்றும் சொன்னாள். புளியோதரை கட்டிக் கொடுக்கும்போது, நான் ஊரில் இல்லாத நாளிலாவது காப்பிப் பொடி டப்பா குறையாமல் இருக்கட்டும் என்று முணுமுணுத்தாள். பல வருஷமாக அந்த டப்பாவில் பொடி அளவுக்கு மேல் குறைகிறது. பல வருஷமாக அவள் சந்தேகம் என்மேல். சத்தியமாக நான் இல்லை.

வியாழக்கிழமை மதுரையில் நான் ஏறியது கரி பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கி நடக்கவேண்டும். மேடு பெரிதாக இருந்தால் இறங்கித் தள்ளவேண்டும். காரியாபட்டி வரைக்கும் பாதி தூரம் நடந்தேன், கால் தூரம் தள்ளினேன், மீதிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். காரியாபட்டியில் வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கரி ஈரமாம். மழையே பார்க்காத சீமையில் கரிமட்டும் எப்படி ஈரமாகும் என்று கேட்டேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியூரா என்றார்.

அன்று சந்தை நாள். வெங்காய மூட்டையோடு என் பக்கத்தில் வந்த அம்மாள் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து எனக்கும் ஒரு செம்பு கம்பங்கூழ் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கடிச்சுக்க என்ன வேணும் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் தொட்டுக்கொள்வதுதான் உண்டு. இங்கே தொட்டுக்கொள்வது வேறு, கடித்துக்கொள்வது வேறு. எதைக் குடித்தாலும் வாய்க்குள் நறுக்கென்று கடிபட ஒன்று வேண்டும்; இல்லாவிட்டால் இறங்காது. அவள் எனக்குப் பச்சை வெங்காயம் கொடுத்தாள். தனக்கு மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து, அதை மிளகாய் வற்றலோடு சேர்த்துக் கடித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாது, சந்தைக்கு வந்தால் மட்டும்தான் என்றாள். காரமும் இனிப்பும் ஒன்றாகத் தின்றால் குடும்பம் பிரியும் என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறாளாம். இருபது வருஷமாகத் தின்கிறாள், மாமியார் இன்னும் கூடத்தான் இருக்கிறாள் என்பதுதான் அவள் வருத்தம்.

இந்தப் பேச்சு கண்டக்டர் காதில் விழுந்தது. அவர் மலைவாழைப்பழத்தை உரித்துக் காராச்சேவில் புரட்டித் தின்பவராம். டிரைவர் இட்டிலிக்குச் சீனிப்பாகும் பூண்டு ஊறுகாயும் குழைத்துக்கொள்வாராம். ரேஷனில் சீனி கிடைக்காத நாளில் இட்டிலியே தொடமாட்டாராம். மரத்தடியில் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். பாவமன்னிப்புக் கூட்டத்தில்கூட இவ்வளவு உண்மை வெளியே வந்து நான் பார்த்ததில்லை. சரி, இதுதான் சமயம் என்று என் உளவு வேலையைத் தொடங்கினேன். இந்தப் பக்கம் தூள் பழக்கம் உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"யாருக்கு இல்ல சார்?" என்றார் கண்டக்டர். "எங்க வீட்ல எல்லாருந்தேன். பிள்ளைகளுக்கு அதத் தவிர வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குக் கூழ் புரையேறியது. குழந்தைகளுக்குக்கூடவா என்று கேட்டேன்.

"பிள்ளைக என்ன, எங்க மாமியாருக்குப் பல்லே இல்ல. அவுகளுக்குத் தூளு மட்டுந்தேன். சோத்துல போட்டுக் குடுத்தாச் சத்தமில்லாமக் கெடப்பாக."

சத்தமில்லாமல்தான் கிடப்பாள், பாவம். ஒரு சீமையே இப்படிக் கெட்டுப்போய்விட்டதே, சர்க்கார் என்ன செய்கிறது, சபைகள் என்ன செய்கின்றன என்று அருப்புக்கோட்டை வரைக்கும் வருந்திக்கொண்டே வண்டி தள்ளினேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு சத்திரத்தில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை திருச்சுழிக்கு வந்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கருமண்ணும் கருவேலமும். குண்டாறு என்று ஓர் ஆறு. ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. ஆடு, மாட்டுவண்டி, கபடி விளையாடுகிறவர்கள். எங்கள் காவிரியில் ஆவணியில் இறங்கி நடந்தால் ஆளைத் தேடவேண்டியிருக்கும். இங்கே செருப்பைத் தேடவேண்டியிருந்தது, மணல் பிடுங்கிக்கொண்டது.

பாட்டுப் புத்தகத்துக்கு ஆர்டர் எடுக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போனேன். மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தார். அவருடைய அம்மா ரத்தினம்மாள் வெள்ளைச் சேலையும் நிமிர்ந்த முதுகுமாக வந்து நின்றதும், நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன். வேதபாடம் எடுக்கிறவர்கள் பார்க்கிற பார்வை. வந்தவரைப் பசியோடு அனுப்பும் வழக்கம் அந்த ஊரிலேயே இல்லை போலிருக்கிறது. குதிரைவாலிச் சோறும் மீன்குழம்பும் போட்டார்கள். சின்னச் சின்ன வெள்ளை மணிகளாக இருந்த அந்தச் சோற்றை அரிசி என்று நினைத்துச் சாப்பிட்டேன்; இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய பிறகுதான் பெயர் சொன்னார்கள்.

மகனைப் பற்றிப் பக்குவமாகக் கேட்டேன். பீடி, பொடி, வெற்றிலை எதுவும் கிடையாது, வெளியில் கைநீட்டி வாங்கித் தின்கிற பழக்கமே கிடையாது, சனிக்கிழமை வீரசோழனில் யாரோ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்றார்கள். இவ்வளவு நேர்மையான அம்மாளிடம் பொய் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை என்ன பிள்ளை? கைகழுவக் கொல்லைப் பக்கம் போனபோது அடுக்களை சன்னல் வழியாக ஒரு காட்சி கண்டேன். ரத்தினம்மாள் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, சட்டியில் இருந்த மீன்குழம்பில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்கள். ஒன்றல்ல, மூன்று. நான் சத்தம் போடாமல் இன்னொரு தடவை கை கழுவினேன். அந்த வீட்டில் எனக்கு மனசு லேசான ஒரே நிமிஷம் அது.

சனிக்கிழமை. நான் பஸ்ஸில் போய் வீரசோழனில் இறங்கிக் காத்திருந்தேன். பெரிய ஊர், முஸ்லிம்கள் வாழும் ஊர். கடைவீதியில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் செய்தித்தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மத்தியானத்துக்குப் பின் தேவசகாயம் சைக்கிளில் வந்தார். எஸ்தரிடம் இருந்த போட்டோவில் பார்த்த முகம்தான், ஆனால் போட்டோவில் இல்லாத வேர்வையும் அவசரமும். இடமும் வலமும் பார்த்தார். சைக்கிளை ஒரு சந்தில் மறைத்து நிறுத்தினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கடையின் பின்கட்டுக்குள் நுழைந்தார். எஸ்தர் பாத்திரம் துலக்கிப் பாடிய பாட்டு அந்த நேரம் பார்த்துக் காதில் கேட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நான் அந்தப் பாட்டை நிறுத்தவேண்டியவன்.

பின்னாலேயே போனேன். சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"தூளு எவ்வளவு சார்?"

"ரெண்டு கை போடுங்க ராவுத்தரே. நல்லாக் கீழ இருக்கறதா."

படுதாவைத் தள்ளினேன். தேவசகாயம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பித்தளைக் கிண்ணம் நிறையப் பருத்திப்பால். பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, ஆவி பறந்தது. ராவுத்தர் ஒரு பெரிய தகர டின்னைச் சாய்த்து, அடியில் கிடந்த காராச்சேவு நொறுங்கலை இரண்டு கை அள்ளி அந்த இனிப்புப் பாலின் மேல் தூவினார். பூண்டும் மிளகும் மணத்தது. தேவசகாயம் கரண்டியை எடுத்தவர் என்னைப் பார்த்ததும் கையைப் பாதியில் நிறுத்தினார்.

அது என்ன என்று டின்னைக் காட்டிக் கேட்டேன்.

"தூளு," என்றார் ராவுத்தர். சேவு முழுசாக விற்றபின் அடியில் தங்குகிற நொறுங்கல். அந்தச் சீமையில் அதற்கு அதுதான் பெயர். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு முதலில் காரியாபட்டிக் கண்டக்டரின் பல்லில்லாத மாமியார் ஞாபகம் வந்தாள். சிரிக்க ஆரம்பித்தேன். நிற்கமுடியாமல் ஒரு சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்து சிரித்தேன். தூள் போட்டுக்கொண்டு வந்தவன் நான்தான் என்று ராவுத்தர் நினைத்திருப்பார்.

சிரித்து முடித்து, நான் எஸ்தரின் தாய்மாமன் என்று சொன்னேன். தேவசகாயம் எழுந்து நின்றார். தலையிலிருந்த துண்டு பருத்திப்பாலில் விழுந்தது. கடிதாசியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. படிக்கவேண்டிய அவசியம் இல்லாதவர் முகம் அது. அப்போதுதான் எனக்கு அந்த அரைப்புள்ளிகள் ஞாபகம் வந்தன. ழகரம் தெரியாதவன் ஒருவன் அரைப்புள்ளியை அவ்வளவு அழகாகப் போடமாட்டான். தெரிந்தவன் தெரியாதவனைப் போல எழுதியிருக்கிறான். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுத மட்டும் வாத்தியார் கை மறுத்திருக்கிறது. புரூப் திருத்துகிறேன் என்று இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதற்கு வெட்கப்பட்டேன்.

"நீங்களேதானே எழுதினீங்க?" என்றேன்.

"நாந்தேன் ஐயா." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "டின்னு அடியில கெடக்கறத வாங்கித் திங்கிறது கேவலம்னு எங்க அம்மா நெனக்கிறாக. வாத்தியாரா இருந்துக்கிட்டு இதையா திங்கிறாருன்னு உங்க வீட்டுப் பொண்ணு சிரிச்சுட்டா என்ன செய்யன்னு பயம். மதுரையில சொல்லணும்னுதான் போனேன். வாய் வரல. மறச்சு வச்சுக் கலியாணம் பண்ணவும் மனசு வரல. பேர் போடாம எழுதுனா, பிடிக்கலன்னா அவுக கூச்சமில்லாம வேணாம்னு சொல்லிரலாம்ல?"

நாங்கள் அதைப் படித்து என்ன நினைத்தோம் என்று சொன்னேன். அந்த மனிதன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது அவர் கனவிலும் தோன்றியிருக்கவில்லை. ஒரு நொறுங்கல் தின்கிறதைச் சொல்லாமல் கலியாணம் பண்ண மனசு வராத மனிதன். இப்படிப்பட்ட ஒருவனை நான் ஊர் ஊராகத் துரத்தியிருக்கிறேன். எனக்கு அவர்மேல் அங்கேயே பாசம் வந்துவிட்டது, மறைப்பானேன்.

ராவுத்தர் எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். முதல் கரண்டி வாயில் போனதும், யாரோ சண்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் குடிவந்த மாதிரி இருந்தது. பருத்திப்பால் இனித்துக்கொண்டு தொண்டையை நோக்கிப் போகிறது. தூள் காரத்தோடு நாக்கைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இரண்டாவது கரண்டியில் சமாதானம். மூன்றாவதில் நான் ராவுத்தரிடம் இன்னும் ஒரு கை தூள் கேட்டேன். அந்தக் குஷியில் என் ரகசியத்தையும் சொன்னேன். கலியாண விருந்துகளில் நான் ஜாங்கிரியைத் தின்னாமல் இலையின் ஓரத்தில் சோற்றுக்கடியில் ஒளித்துவைப்பேன். கடைசியில் தயிர்சாதம் வந்ததும் அதற்கு ஜாங்கிரியைத் தொட்டுக்கொள்வேன். இந்த வயது வரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ராவுத்தர் படுதாவை இழுத்து மூடினார். பிறகு, தான் வட்டலப்பம் என்ற முட்டை இனிப்புக்கு எலுமிச்சை ஊறுகாய் கடித்துக்கொள்வதாகவும், பெருநாள் அன்று சம்பந்திகள் முன்னால் அதைச் செய்யமுடியாமல் தவிப்பதாகவும் சொன்னார்.

திடீரென்று எனக்கு மணி ஞாபகம் வந்தது. தந்தி போகாவிட்டால் நாளைக்கு ஓலை கிடையாது. திரும்புகிற பஸ் போய்விட்டது. தேவசகாயம் சைக்கிளைச் சந்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். நான் கேரியரில் ஏறினேன். கையில் ராவுத்தர் கொடுத்த ஒரு டின் தூள். அந்த மனிதர் மிதித்த மிதியை நான் மறக்கமாட்டேன். தன் கலியாணத்துக்குத் தானே வண்டி ஓட்டிய மாப்பிள்ளையை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பள்ளத்தில் விழும்போதெல்லாம் நான் டின்னைப் பிடித்தேன், டின் என் வயிற்றைப் பிடித்தது. குண்டாற்று மணலில் சைக்கிள் புதைந்தது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கினார். நான் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். கபடி ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'தூள் நல்ல தூள். ஓலை வாசிக்கவும்.' அவர் படித்துவிட்டு என் கையிலிருந்த டின்னை மோந்து பார்த்தார். எந்தக் கடைத் தூள் என்று கேட்டார். ஒரு கை கொடுத்தபிறகு தந்தி கிளம்பியது.

ஞாயிறு காலை திருச்சுழிச் சபைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஓலையைக் கேட்டேன். எஸ்தர் பெயரை அந்த ஊர்க்காரர் வாயால் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் நான் எஸ்தரின் மாமன் என்று மகன் சொல்லிக் கேட்ட ரத்தினம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுப் புத்தகம் விற்க வந்தவன் சம்பந்தியாகிவிட்ட கணக்கு அவர்களுக்கு உதைத்தது. உண்மையைச் சொன்னேன், தூள் டின்னை மட்டும் சொல்லவில்லை. கோபம் வரும்போலிருந்தது. பிறகு, வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார்கள். ஊருக்குப் போனதும் அக்காவை மீன்குழம்பு வைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் என்னை உற்றுப் பார்த்தார்கள். அப்புறம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அந்த நிமிர்ந்த முதுகு குலுங்கச் சிரித்தார்கள்.

பாலவனத்தம் வழியாகப் பஸ்ஸில் விருதுநகருக்கு வந்து ரயில் பிடித்தேன். பாலவனத்தத்தில் ஏறிய ஒருவர் மூக்கை உறிஞ்சி, தூளா என்று கேட்டார். ஆமாம், எனக்குப் பழக்கம் என்று பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா என் கண்ணிமையைப் பிடித்து இழுத்து உள்ளே பார்த்தாள். 'நல்ல தூள்' என்று தந்தி வந்ததும், தம்பியும் போய்விட்டான் என்று தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஓலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். வாசித்தாகிவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டு வந்த எஸ்தர் கடிதாசி நகலையும் வாங்கிப் படித்திருக்கிறாள், தந்தியையும் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத் தானே ஐயர் வீட்டுக்கு நடந்துபோய், ஓலையை வாசிக்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அடுக்களைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணிடம் சொல்லிவிடவும் என்றுதானே எழுதியிருந்தது. டின்னைத் திறந்தாள், ஒரு சிட்டிகை வாயில் போட்டாள், மென்றாள்.

தூள் என்றால் என்னவென்று தெரியாமல் எப்படித் துணிந்தாய் என்று கேட்டேன்.

"மொட்டைக் கடுதாசி எழுதுறவன் யாராவது 'வருகிறார்'னு மரியாதையா எழுதுவானா மாமா?" என்றாள். "அவரேதான் எழுதியிருக்கார்னு படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. தன்னைப் பத்தி எழுதறோம்னு கூச்சம், அதிலேயே குழம்பிட்டார். எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்றாரே, அது போதாதா?"

எனக்கு மூன்று நாளும் ஒரு கிண்ணம் பருத்திப்பாலும் தேவைப்பட்டது. அவளுக்கு ஒரு விகுதி போதுமாக இருந்தது. எங்கள் அச்சாபீஸ் வேலையை அவளுக்கே கொடுத்திருக்கலாம்.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அக்கா கூடத்தில் இருந்தாள். மேல் அடுக்கிலிருந்து காப்பிப் பொடி டப்பாவை இறக்கினாள். ஒரு ஸ்பூன் பொடியை உள்ளங்கையில் கொட்டி, அதன்மேல் வெல்லத்தைச் சுரண்டிப் போட்டு, விரலால் குழைத்து, நக்கினாள். பழகின கை. நான் பல வருஷம் திருட்டுப் பட்டம் சுமந்த டப்பா அது.

"அந்த ஊர்ல காப்பிப் பொடியை என்னன்னு சொல்வாங்க மாமா?" என்று கேட்டாள்.

"காப்பித்தூள்னு."

"அப்படின்னா இன்னிக்கே ஒரு கடுதாசி போட்டுடுங்க," என்றாள் எஸ்தர், விரலை நக்கிக்கொண்டே. "பெண்ணுக்கும் தூள் பழக்கம் உண்டுன்னு."